பாலஸ்தீனக் கலைக்கு வரும் பணம்: பரிசுகள், நல்கைகள், நிபந்தனைகள்

2001ஆம் ஆண்டு ரமல்லாவில் இயங்கும் அல்-கத்தான் அறக்கட்டளை, தன் இளம் எழுத்தாளர் விருதை அதானியா ஷிப்லியின் முதல் நாவலுக்கு வழங்கியது. 2003இல் அவருடைய இரண்டாம் நாவலுக்கும் அதே விருது கிடைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, அவருடைய மூன்றாம் நாவலின் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு லிபெராதூர் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க, அரபு நாடுகளின் பெண் எழுத்தாளர்களுக்கென்று ஜெர்மனியின் லிட்பிராம் அமைப்பு வழங்கும் பரிசு அது. 2023 அக்டோபரில் ஃபிராங்ஃபர்ட் புத்தகக் காட்சியில் அதை அவர் பெற்றுக்கொள்வதாக இருந்தது. ஹமாஸின் அக்டோபர் 7 தாக்குதலுக்குச் சில நாட்களுக்குப் பின் விழா ஒத்திவைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது.

அந்த நாவல், 1949இல் நெகேவ் பாலைவனத்தில் ஒரு பெதூயின் சிறுமி இஸ்ரேலியப் படைவீரர்களால் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்ட உண்மை நிகழ்விலிருந்து புறப்படுவது. அரபு மூலம் 2017இல் வெளிவந்தது; ஆங்கில மொழிபெயர்ப்பு 2021இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 2023 அக்டோபரில் நடந்த எதற்கும் அந்நூல் பொறுப்பாக இருந்திருக்க முடியாது. விழாவைத் தள்ளிவைப்பது எழுத்தாளரோடு சேர்ந்து எடுத்த முடிவு என்று முதலில் சொல்லப்பட்டது. அவரது ஒப்புதல் பெறப்படவில்லை என்று அவர் தரப்பு மறுத்தது. அப்துல்ரசாக் குர்னா, அன்னி எர்னோ, ஓல்கா தோகார்சுக் ஆகிய நோபல் பரிசாளர்கள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்டனக் கடிதத்தில் கையொப்பமிட்டனர். அரபுலகப் பதிப்பகங்கள் சில காட்சியிலிருந்து விலகின.

ஒரே எழுத்தாளர், இரு வேறு பரிசுகள். முதலாவது, யாரென்றே அறியப்படாத ஒருவரைப் படைப்பாளியாக நிறுத்தியது. இரண்டாவது, உலகறிந்த ஒருவரை மேடையின் படியில் நிறுத்திவைத்துவிட்டுக் கதவைச் சாத்தியது. பாலஸ்தீனக் கலை இலக்கியத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தக் கையொப்பத்தின் பேரில் வருகிறது, எப்போது நின்றுபோகிறது என்பதைப் பார்க்காமல் இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவைப் புரிந்துகொள்ள முடியாது.

பரிசும் நல்கையும் ஒன்றல்ல என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பரிசு, முடிந்த படைப்புக்குக் கிடைப்பது. அதைப் பெற்றவர் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. நல்கை, இன்னும் பிறக்காத படைப்புக்குக் கிடைப்பது. அதற்கு முன்மொழிவு எழுத வேண்டும், வரவு செலவுத் திட்டம் தர வேண்டும், தவணைதோறும் அறிக்கை அனுப்ப வேண்டும், முடிவில் தணிக்கைக்கு உட்பட வேண்டும். தமிழில் தணிக்கை என்னும் ஒரே சொல் கணக்கைச் சரிபார்ப்பதையும் படைப்பின் மீது கத்திரி வைப்பதையும் குறிக்கிறது. பாலஸ்தீனர்களின் அனுபவத்தில் இவ்விரு பொருளும் பலமுறை ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

நிதி வராத காலம்

இன்று ரமல்லாவில் காணும் கலை நிறுவனங்கள் பெரும்பாலும் 1990களுக்குப் பிறகு உருவானவை. அதற்கு முன் கலை இல்லாமல் இல்லை, பணம்தான் இல்லை. 1973இல் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியின் ஓவியர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1979இல் ரமல்லாவில் அவர்கள் திறந்த சிறு கலைக்கூடத்தை இஸ்ரேலிய இராணுவம் விரைவிலேயே மூடிவிட்டது. பாலஸ்தீனக் கொடியின் நிறங்களான சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை ஓர் ஓவியத்தில் சேர்ந்து வருவதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. ஜெருசலேம் நகரைத் தன் முதுகில் சுமந்து செல்லும் முதிய சுமைதூக்கியை ஸுலைமான் மன்சூர் 1973இல் வரைந்தார். அதைக் காட்சிக்கு வைக்க அருங்காட்சியகம் இல்லை. ஆனால் அது சுவரொட்டியாக அச்சிடப்பட்டு, வீடுகளிலும் கடைகளிலும் அகதி முகாம்களிலும் தொங்கியது.

1978இல் பெய்ரூத்தில் பாலஸ்தீன விடுதலை இயக்கம் நடத்திய பன்னாட்டு ஓவியக் கண்காட்சிக்கு ஏறக்குறைய 30 நாடுகளின் கலைஞர்கள் சுமார் 200 படைப்புகளைக் கொடையாக அனுப்பினர். நாடு திரும்பும் நாளில் அமையவிருக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்கான விதையாக அவற்றை அவர்கள் கருதினர். 1982ஆம் ஆண்டு முற்றுகையில், அவை வைக்கப்பட்டிருந்த கட்டடம் குண்டுவீச்சுக்கு இலக்காகியது.

இக்காலத்தின் பரிசுகளும் வேறு உலகைச் சேர்ந்தவை. ஆசிய ஆப்பிரிக்க எழுத்தாளர் சங்கம் தன் தாமரை விருதை 1969இல் மஹ்மூத் தர்வீஷுக்கும், 1972இல் பெய்ரூத்தில் கார் குண்டுக்குப் பலியான கஸ்ஸான் கனஃபானிக்கு, மறைவுக்குப் பின் 1975இலும் அளித்தது. குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்ட வழி அது. நம் மொழிக்கும் பாலஸ்தீனக் கவிதை அப்படித்தான் வந்து சேர்ந்தது. எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் இலங்கையில் வெளிவந்தபோது, மொழிபெயர்ப்பு நல்கைகளைப் பற்றித் தமிழில் யாரும் பேசியதில்லை.

1987இல் முதல் இன்திஃபாதா வெடித்ததும் மன்சூர், வேரா தமாரி, நபீல் அனானி, தைஸீர் பரகாத் ஆகிய நால்வரும் இஸ்ரேல் வழியாக வரும் வண்ணங்களையும் திரைத்துணியையும் வாங்க மறுத்தனர். களிமண், தோல், மருதாணி, மரம் ஆகியவற்றைக் கொண்டு படைத்தனர். பொருளின் மூலத்தைக் கேள்வி கேட்ட அவர்களுடைய தலைமுறைதான், சில ஆண்டுகளிலேயே, பணத்தின் மூலத்தைக் கேள்வி கேட்க வேண்டிய நிலைக்கு வந்தது.

ஓஸ்லோவுக்குப் பின்

1993ஆம் ஆண்டு ஓஸ்லோ உடன்பாட்டைத் தொடர்ந்து ஐரோப்பிய, அமெரிக்க, அரபு நிதி பாலஸ்தீனப் பகுதிகளுக்குள் பாய்ந்தது. அரசு ஒன்று உருவாகப்போகிறது, அதற்குப் பண்பாட்டு நிறுவனங்கள் வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இசைப்பள்ளியும் அரங்குகளும் பண்பாட்டு மையங்களும் எழுந்தன. 1993இல் பிர்ஸைத் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கப்பட்ட தேசிய இசைப்பள்ளி இன்று எட்வர்ட் சயீத் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1996இல் ரமல்லாவில் கலீல் ஸகாகினி பண்பாட்டு மையம் தோன்றியது. 1991இல் ஸுஆத் அமிரி நிறுவிய ரிவாக், பழைய கிராமங்களின் கல்வீடுகளைப் பழுதுபார்க்கும் பணியைத் தொடர்ந்தது. பிர்ஸைத்தின் பழைய நகர்ப்பகுதியை மீட்ட அப்பணிக்கு 2013இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. இடிப்பே ஆட்சிமுறையாக இருக்கும் ஒரு நிலத்தில் சுவரைச் செப்பனிடுவதும் கலைப்பணிதான்.

இவை யாவும் உண்மையான ஆக்கங்கள். ஆனால் அரசு வரவில்லை. அரசு வரும்வரை என்று தொடங்கிய நிதியுதவி, அரசுக்குப் பதிலாகவே நிலைத்துவிட்டது. வெளிநாட்டு நிதி பெரும்பாலும் ஓராண்டு அல்லது ஈராண்டுத் திட்டங்களுக்கே வழங்கப்படுகிறது. வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் ஊழியர் ஊதியத்துக்கும் தனியே பணம் கேட்டால் கிடைப்பது அரிது. 'இளைஞர் வலுவூட்டல்', 'பாலினச் சமத்துவம்', 'உரையாடல்' என்னும் தலைப்புகளில் ஒரு திட்டம் எழுதினால் கிடைக்கிறது. எனவே நாடகக்குழு நாடகத்தைவிடப் பயிற்சிப்பட்டறைகளை அதிகம் நடத்துகிறது. ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுதத் தெரிந்த ரமல்லா நிறுவனத்துக்குப் பணம் வருகிறது. ஹெப்ரான் கிராமத்துத் தப்கே நடனக் குழுவுக்கு வருவதில்லை. யாருடைய கலை தொழில்முறைக் கலை, யாருடையது வெறும் பொழுதுபோக்கு என்பதை விண்ணப்பப் படிவமே வகுத்துவிடுகிறது.

அடுத்து வந்தது கையொப்பம். 2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்க அரசின் உதவி பெறும் அமைப்புகள், பயங்கரவாதத்துடன் தொடர்புடையோருக்கு எவ்வித ஆதரவும் அளிப்பதில்லை என்னும் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்றாயிற்று. கேட்பதற்கு இதில் தவறு ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் தடைப்பட்டியலில் உள்ளவை பாலஸ்தீன அரசியலின் முக்கியக் கட்சிகளும் கூட. நாடகம் பார்க்க வந்தவரின், தையல் பயிற்சிக்கு வந்த பெண்ணின் கட்சிச் சார்பை ஆராய்ந்து சான்று தரும் பொறுப்பு அரங்கின் மேலாளரிடம் வந்து சேர்கிறது. தன் மக்களையே சலித்துப் பார்க்கும் காவலராக அவரை அந்தக் காகிதம் மாற்றுகிறது.

2019 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியமும் தன் நல்கை ஒப்பந்தங்களில் இத்தகைய ஒரு விதியைச் சேர்த்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பாலஸ்தீன அமைப்புகள் கூட்டாக எதிர்த்தன. எக்கட்சியின் அனுதாபியாக இருப்பதும் ஒருவரைப் பயன்பெறுவதிலிருந்து விலக்காது என்று 2020 மார்ச்சில் ஒன்றியத்தின் பிரதிநிதி கடிதம் மூலம் விளக்கமளித்தார். கடிதம் ஒப்பந்தம் ஆகாது என்று பல அமைப்புகள் பதிலளித்தன. பதீல் என்னும் அகதி உரிமை அமைப்பு கையொப்பமிட மறுத்து 17 லட்சம் யூரோ நல்கையை இழந்தது. மறுக்கும் வலிமை எல்லோருக்கும் இருப்பதில்லை. சிறிய கலைக்குழு ஒன்றுக்கு மறுப்பு என்பது அடுத்த மாதமே கதவை மூடுவதாகும். கையெழுத்திட்டவர்களைக் கோழைகள் என்று தொலைவிலிருந்து சொல்வது எளிது.

நான்கு கதவுகள்

பாலஸ்தீனக் கலைஞர் என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், அவர் எங்கு பிறந்தார் என்பதைப் பொறுத்து அவருக்கான நிதிக் கதவு மாறுகிறது. மேற்குக் கரையில் இருப்பவர் வெளிநாட்டுத் தூதரகங்களை அணுகலாம். கிழக்கு ஜெருசலேமில் இருப்பவரிடம், பணம் பாலஸ்தீன ஆணையத்திடமிருந்து வந்திருக்கக்கூடும் என்ற ஐயமே அரங்கைப் பூட்டப் போதுமானது. ஆணையத்தின் செயற்பாடுகளை இஸ்ரேலிய ஆட்சிப்பகுதியில் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பயன்படுகிறது. 2013 ஜூனில் ஜெருசலேமின் அல்-ஹகவாதி அரங்கில் நடக்கவிருந்த குழந்தைகளுக்கான பொம்மலாட்ட விழா இப்படித்தான் அமைச்சரின் ஆணையால் நிறுத்தப்பட்டது. பொம்மைகள் என்ன பேசப்போகின்றன என்பது அங்கே கேள்வியாகவே இல்லை.

இஸ்ரேலின் குடிமக்களாக உள்ள பாலஸ்தீனர்களுக்கு அந்நாட்டு அரசின் கலை நிதி சட்டப்படி உரியது. அவர்கள் வரி செலுத்துகிறார்கள். ஆனால் 1948ஆம் ஆண்டுப் பேரழிவான நக்பாவைத் துக்கநாளாகக் கடைப்பிடிக்கும் அமைப்புகளின் மானியத்தைக் குறைக்க 2011ஆம் ஆண்டுச் சட்டம் நிதியமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. 2015இல் ஹைஃபாவின் அல்-மீதான் அரங்கு, பாலஸ்தீன அரசியல் கைதிகளின் வாழ்வைக் காட்டும் 'இணைக் காலம்' என்னும் நாடகத்தை மேடையேற்றியது. கல்வியமைச்சர் அதைப் பள்ளிகளுக்கான நாடகப் பட்டியலிலிருந்து நீக்கினார். பண்பாட்டு அமைச்சர் மிரி ரெகெவ் அரங்கின் நிதியை முடக்கினார். அந்நாடகத்தை இயக்கிய பஷார் முர்குஸ் நண்பர்களோடு சேர்ந்து அதே நகரில் அதே ஆண்டு கஷாபி என்னும் சிறு அரங்கை, இஸ்ரேலிய அரசின் பணத்தை வாங்குவதில்லை என்ற முடிவோடு தொடங்கினார். அவர்களுடைய நாடகம் 2022இல் பிரான்சின் அவிஞோன் விழாவில் மேடையேறியது.

திரைப்படத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. அங்கே பணம் படத்தின் குடியுரிமையையே தீர்மானிக்கப் பார்க்கிறது. ஸுஹா அர்ராஃப் 2014இல் வெனிஸ் திரைவிழாவுக்குத் தன் 'வில்லா தூமா' படத்தைப் பாலஸ்தீனப் படமாக அனுப்பினார். தயாரிப்புச் செலவில் பெரும்பகுதி இஸ்ரேலிய நிதியங்களிலிருந்து வந்தது என்பதால், பணத்தைத் திருப்பிக் கேட்டனர். தன் கதையையும் மொழியையும் மக்களையும் வைத்து எடுத்த படத்தை அவர் எந்த நாட்டின் பெயரும் இல்லாமல் திரையிட நேர்ந்தது. 2002இல் எலியா ஸுலைமானின் 'தெய்வத் தலையீடு' கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. ஆஸ்கருக்கு வந்தபோது, பாலஸ்தீனம் ஒரு நாடா என்னும் விவாதத்தில் அது சிக்கிக்கொண்டது.

நான்காவது கதவு, லெபனான், சிரியா, ஜோர்தான் முகாம்களிலும் உலகெங்கும் சிதறியும் வாழும் அகதிகளுடையது. வதியும் நாட்டின் நிதி பல நேரங்களில் அவர்களுக்கு எட்டாது. 2007இல் உருவான கலை பண்பாட்டுக்கான அரபு நிதியமான ஆஃபாக் இங்கே பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. அது நிறுவனங்களுக்கு மட்டுமன்றித் தனிமனிதருக்கும் நல்கை அளிக்கிறது. பதிவுபெற்ற அமைப்பும் வெளிநாட்டுத் தூதரகத் தொடர்பும் இல்லாத ஒரு முகாமின் இளம் இயக்குநருக்கு அது எவ்வளவு பெரிய திறப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தம் கையால் எழுப்பியவை

தங்கள் மக்களே தரும் பணத்தின் கதை தனியே சொல்லத்தக்கது. அப்துல் முஹ்சின் அல்-கத்தான் 1929இல் யாஃபாவில் பிறந்தவர். குவைத்தில் தொழில்செய்து ஈட்டிய செல்வத்தைக் கொண்டு 1993இல் அறக்கட்டளை நிறுவினார். அதன் இளம் கலைஞர் விருது 2000இலிருந்து ஈராண்டுக்கு ஒருமுறை வழங்கப்படுகிறது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகும் கலைஞர்களுக்குப் புதிய படைப்பை உருவாக்கப் பணமும் வழிகாட்டலும் அளித்து, அப்படைப்புகளைக் கண்காட்சியில் வைத்த பிறகே நடுவர் முடிவு செய்கின்றனர். அதாவது பரிசுக்குள்ளேயே ஒரு நல்கை இருக்கிறது. வெல்லாதவரும் ஒரு படைப்போடுதான் வீடு திரும்புகிறார். ஹெப்ரானைச் சேர்ந்த ஓவியர் ஹஸன் ஹூரானி 2003இல் யாஃபா கடலில் மூழ்கி இறந்தார். அவருக்கு வயது 29. விருது இப்போது அவர் பெயரில் வழங்கப்படுகிறது.

பிர்ஸைத்தில் 2016இல் திறக்கப்பட்ட பாலஸ்தீன அருங்காட்சியகத்தை எழுப்பியதும் பாலஸ்தீனச் செல்வந்தர் பலர் சேர்ந்து நடத்தும் தஆவுன் அமைப்புதான். திறப்பு நாளில் உள்ளே கண்காட்சி எதுவும் இல்லை என்று மேற்கத்திய ஏடுகள் கேலி செய்தன. 1982இல் பெய்ரூத்தில் அழிந்தவற்றை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது. அதே கட்டடம் 2019இல் ஆகா கான் விருது பெற்றது.

தம்மவர் பணம் என்பதாலேயே அது சிக்கலற்றது என்று கொள்ள வேண்டியதில்லை. செல்வந்தரின் கொடைக்கும் தன் விருப்புவெறுப்புகள் உண்டு. யாரை நிறுவன வாரியத்தில் அமர்த்துவது என்பதில் வர்க்கம் பேசும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. 'நீ பாலஸ்தீனர்' என்பதற்கு விளக்கம் கேட்கும் வரி அவர்களுடைய விண்ணப்பத்தில் இல்லை.

பரிசுத் தொகை கட்டடமாக மாறிய நிகழ்வுகளில் ஜெனின் முகாமுடையதைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. யூதப் பெண்ணான ஆர்னா மெர்-காமிஸ் முதல் இன்திஃபாதா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது ஜெனின் முகாமின் குழந்தைகளுக்குக் கற்பிக்கச் சென்றார். 1993இல் 'மாற்று நோபல்' என்று அழைக்கப்படும் நல்வாழ்வு விருது அவருக்குக் கிடைத்தது. அத்தொகையில் முகாமுக்குள் ஒரு சிறுவர் அரங்கு எழுந்தது. அதற்குத் தன் வீட்டின் மேல்தளத்தைக் கொடுத்தவர் முகாமைச் சேர்ந்த ஸமீரா ஸுபைதி. ஸ்டாக்ஹோமின் பணமும் ஓர் அகதிப் பெண்ணின் மாடியும் சேர்ந்ததுதான் அந்த அரங்கு. இரண்டில் எது பெரிய நல்கை என்று கேட்டால் விடை எளிதல்ல. 2002 படையெடுப்பில் ஸமீரா கொல்லப்பட்டார். அரங்கு இடித்துத் தள்ளப்பட்டது. ஆர்னாவின் மகன் ஜூலியானோ, அக்குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஆவணப்படமாக்கினார். 2006இல் சுதந்திர அரங்கு என்னும் பெயரில் முகாமில் மீண்டும் நாடகம் தொடங்கியது. ஜூலியானோ 2011 ஏப்ரலில் அரங்கின் அருகே சுட்டுக்கொல்லப்பட்டார். 2023 டிசம்பரில் இராணுவம் அரங்கினுள் புகுந்து சூறையாடி, பொது மேலாளர் முஸ்தஃபா ஷெத்தாவைக் கைதுசெய்தது. குற்றச்சாட்டோ விசாரணையோ இன்றி ஏறக்குறைய 15 மாதங்கள் சிறையிலிருந்து 2025 மார்ச்சில் அவர் வெளிவந்தார்.

பரிசு தருவது

பணத்தைத் தவிர பரிசுகள் தருவது மொழிபெயர்ப்பு. கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழங்கும் நகீப் மஹ்ஃபூஸ் பதக்கம் 1997இல் முரீத் பர்கூத்தியின் 'ரமல்லாவைக் கண்டேன்' நூலுக்குக் கிடைத்தது. கையில் வந்த தொகை சிறியது. ஆனால் விருதோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்து வருகிறது. அஹ்தாஃப் ஸுவைஃப் மொழிபெயர்க்க, எட்வர்ட் சயீதின் முன்னுரையோடு அந்நூல் உலகைச் சென்றடைந்தது. 2006இல் ஸஹர் கலீஃபாவுக்கும் அதே பதக்கம் அதே வழியைத் திறந்தது.

இன்று அரபு நாவலுக்கான மிகப் பெரிய மேடைகளுள் ஒன்று, அபுதாபி நிதியில் நடக்கும் அரபுப் புனைவுக்கான பன்னாட்டுப் பரிசு. வெல்பவருக்கு 50,000 டாலர். 2016இல் ரபீ அல்-மத்ஹூனும் 2018இல் இப்ராஹிம் நஸ்ரல்லாவும் அதைப் பெற்றனர். 2020இல் ஐக்கிய அரபு அமீரகம் இஸ்ரேலோடு உறவை இயல்பாக்கிக்கொண்டபோது, அப்பரிசோடு தொடர்புடைய எழுத்தாளர்கள் சிலரே அமீரகப் பணத்தைக் கைவிடுமாறு அதன் நிர்வாகத்தைக் கேட்டனர். பரிசு தொடர்ந்தது. 2024 ஏப்ரலில் அதே பரிசு பாஸிம் கந்தக்ஜியின் 'வானின் நிறத்தில் ஒரு முகமூடி' நாவலுக்கு அறிவிக்கப்பட்டது. டெல் அவீவ் சந்தைக் குண்டுவெடிப்பு வழக்கில் 2004இல் 21 வயதில் கைதாகி மூன்று ஆயுள் தண்டனை பெற்ற கந்தக்ஜி, அப்போது இஸ்ரேலியச் சிறையில் இருந்தார். பழைய மேலங்கி ஒன்றின் பையில் ஓர் இஸ்ரேலியரின் நீல அடையாள அட்டையைக் கண்டெடுக்கும் ரமல்லா முகாமின் தொல்லியலாளன்தான் நாவலின் நாயகன். அபுதாபி மேடையில் பரிசைப் பெற்றுக்கொண்டவர் அவருடைய பெய்ரூத் பதிப்பாளர். 2025 அக்டோபரில் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையான கந்தக்ஜி எகிப்துக்கு நாடுகடத்தப்பட்டார்.

பரிசை ஏற்பதா மறுப்பதா என்ற விவாதம் பாலஸ்தீனர்களிடையே பழையது. எமில் ஹபீபி 1990இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் அல்-குத்ஸ் விருதையும் 1992இல் இஸ்ரேல் அரசின் உயர்ந்த பரிசையும் ஏற்றார். இரண்டாவதை மறுத்துவிடும்படி அரபு எழுத்தாளர்கள் பலர் அவரை வேண்டினர். அவருக்கு அது வழங்கப்பட்டதை எதிர்த்து வலதுசாரி அரசியல்வாதியும் இயற்பியலாளருமான யுவால் நேமன் தன் இஸ்ரேல் பரிசைத் திருப்பிக் கொடுத்தார். ஒரே பரிசு இரு பக்கங்களிலும் காயப்படுத்தியது. அப்பரிசின் வழியே இஸ்ரேலில் அரபு இலக்கியம் அங்கீகாரம் பெற்றது என்று ஹபீபி கருதினார். அந்த அங்கீகாரம் ஒரே ஒருவரோடு நின்றுவிட்டது என்பதே என் பார்வை.

பரிசு உடலைக் காக்காது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். மஸாஃபெர் யத்தா கிராமங்களின் இடிப்பைப் பதிவுசெய்த 'வேறு நிலமில்லை' ஆவணப்படம் 2025 மார்ச் 2இல் ஆஸ்கர் வென்றது. மூன்று வாரம் கழித்து, 24ஆம் நாள், அதன் இயக்குநர்களுள் ஒருவரான ஹம்தான் பல்லால் தன் ஊரில் குடியேறிகளால் தாக்கப்பட்டு, இராணுவத்தால் ஓரிரவு பிடித்துவைக்கப்பட்டார். அமெரிக்காவில் அப்படத்தை எந்தப் பெரிய விநியோக நிறுவனமும் எடுக்கவில்லை. ஆனாலும் அவர் மறுநாளே விடுவிக்கப்பட்டதிலும் உலகம் அதைச் செய்தியாக்கியதிலும் அந்தப் பொற்சிலைக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. பெயரறியாத அண்டை வீட்டாருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

காஸாவில்

காஸாவில் கலைக்கான நிதி என்பதன் பொருளே மாறிவிட்டது. முற்றுகையின் நடுவில் நாடகத்துக்கென இருந்த சில அரங்குகளுள் ஒன்றான ஸயீத் அல்-மிஷால் மையம் 2018 ஆகஸ்டில் வான்தாக்குதலில் தரைமட்டமானது. 2023க்குப் பிறகு நூலகங்கள், அருங்காட்சியகங்கள், கலைக்கூடங்கள், ஓவியர்களின் வாழ்நாள் சேமிப்புகள் அழிந்தன. சேதமடைந்ததாக யுனெஸ்கோ உறுதிசெய்த பண்பாட்டு இடங்களின் எண்ணிக்கையே நூறைத் தாண்டுகிறது. மூத்த ஓவியர் ஃபத்ஹி கபேன் சிகிச்சைக்கு வெளியேற அனுமதி கிட்டாமல் 2024 பிப்ரவரியில் இறந்தார்.

இந்நிலையில் வெளிநாடுகளில் தங்கிப் பணிபுரியும் நல்கைகள் உயிர்காக்கும் வழியாகின்றன. ஆனால் நல்கை கடிதத்தில் வருகிறது. வெளியேறும் அனுமதி வேறு கைகளில் இருக்கிறது. ஆபத்திலுள்ள அறிவாளர்களுக்கும் கலைஞர்களுக்குமான பிரான்சின் 'பாஸ்' திட்டத்தில் தேர்வான காஸாவின் கட்டடக் கலைஞர் ஒருவர் வெளியேறும் முன்பே கொல்லப்பட்டார். 2025 ஆகஸ்டில் பிரான்ஸ் காஸாவிலிருந்து ஆட்களை வெளியேற்றும் பணியையே நிறுத்திவைத்தபோது, தேர்வான மற்றவர்கள் கூடாரங்களில் காத்துக்கிடந்தனர். 2017இல் எட்வர்ட் சயீத் பெயரில் காஸாவில் நூலகம் நிறுவிய கவிஞர் முஸாப் அபூ தாஹா, 2023 நவம்பரில் சோதனைச்சாவடியில் பிடிக்கப்பட்டுப் பின் வெளியேறினார். தன் மக்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளுக்காக 2025இல் புலிட்சர் பரிசு பெற்றார். நூலகம் நிறுவியவரைப் பரிசு சென்றடைந்தது. நூலகத்தைச் சென்றடைய அதனால் முடியவில்லை.

நிதியைப் பற்றிய இக்கேள்விகளையே தம் கலையாக்கிய ஒரு குழு உண்டு. 'நிதியளிப்பின் கேள்வி' என்பதே அதன் பெயர். பண்பாட்டு நிறுவனங்களை நடத்தி, நன்கொடையாளர் விதிகளில் சலித்துப்போன பாலஸ்தீனர்கள் சேர்ந்து உருவாக்கியது. வெளிநாட்டுப் பணத்தைச் சாராமல், ஒரு சமூகத்திலுள்ள உழைப்பையும் பொருளையும் இடத்தையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் 'தாயிரா' என்னும் முறையை அவர்கள் வடிவமைத்தனர். அரபியில் அச்சொல்லுக்கு வட்டம் என்று பொருள். 2022இல் ஜெர்மனியின் காஸல் நகரில் டாக்குமெண்டா கண்காட்சிக்கு அழைக்கப்பட்டபோது, தங்களுக்குக் கிடைத்த இடத்தைக் காஸாவின் எல்திகா ஓவியர் குழுவோடு பகிர்ந்துகொண்டனர். திறப்புக்கு முன்பே அவ்விடம் இரவில் உடைத்துப் புகப்பட்டு, சுவர்களில் மிரட்டல்கள் எழுதப்பட்டன. எல்திகாவின் காஸா கலைக்கூடம் அடுத்த ஆண்டின் போரில் அழிந்தது.

தாயிரா போன்ற முயற்சிகள் நோயறிதலைத்தான் தருகின்றன, ரமல்லாவின் ஓர் அரங்கின் மின்கட்டணத்தை இன்னும் அவற்றால் கட்ட முடியாது என்பது உண்மை. இதற்கிடையே 2007இல் தொடங்கப்பட்ட தாலியா என்னும் சமூக நிதியம், எந்த உள்ளூர்க் குழுவுக்கு எவ்வளவு என்பதை நன்கொடையாளரின் அலுவலகத்தில் அல்லாமல் ஊர்க்கூட்டத்தில் முடிவுசெய்யும் முறையை நடத்திவருகிறது. விண்ணப்பித்தவர்கள் ஊரார் முன் எழுந்து நின்று தங்கள் திட்டத்தைச் சொல்கிறார்கள். ஊரார் வாக்களிக்கிறார்கள். தொகை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கிறது.